இடியன் துவக்கின் இறுகிய விசை: மலையகச் சூழலை முன்வைத்து ஒரு நோக்கு

தொழில்நுட்ப வரலாற்றை ஆராய்வோரின் கவனம் பெரும் பொறிகளை நாடிச் செல்வது இயல்பு. மலையகத்தைப் பொறுத்தவரை, தேயிலைத் தொழிற்சாலையும் மலையேறிய புகையிரதமும் நம் கண்முன் முதலில் வந்து நிற்பன. ஆயினும் ஒரு சமுதாயத்தின் தொழிலறிவையும் அதிகார உறவுகளையும் கைக்கருவி ஒன்றின் உள்ளுறுப்பிலும் கண்டுகொள்ளலாம். அத்தகைய உறுப்புகளுள் ஒன்று, வாய்வழியாக மருந்திட்டு இடித்து நிரப்பப்படும் பழைய துவக்கின் விசைவில். பழைய துவக்குகளைக் கையாண்டோர் யாவரும் சொல்லும் குறை ஒன்றுண்டு: விசை மிக இறுக்கமானது, விரலால் இழுக்கும்போதே குறி தவறிவிடுகின்றது. இவ்விறுக்கம் எதனால் ஏற்படுகின்றது, அதனை எவ்வாறு திருத்தலாம், எவ்விடத்தில் திருத்தாது விடவேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இறுக்கத்தின் ஒரு பகுதி பழுது; மற்றொரு பகுதி கொல்லன் அறிந்தே வைத்த காவல். இவ்விரண்டையும் பிரித்தறியாது செய்யப்படும் திருத்தம் உயிருக்கு உலை வைக்கும்.

1. சொல்லும் உறுப்பும்

இலங்கைத் தமிழிற் ‘துவக்கு’ என்றும் தமிழகத்தில் ‘துப்பாக்கி’ என்றும் வழங்கும் சொற்கள், துருக்கிய மொழியின் ‘துஃபெக்’ என்னும் மூலத்தோடு தொடர்புடையன. சிங்களத்தில் இது ‘துவக்குவ’ என வழங்கும். கண்டி அரசிற் சுடுநரைக் கொண்ட படைப்பிரிவு ‘வெடிக்கார லேகம்’ எனப்பட்டது. அப்பெயரில் நம் ‘வெடிக்காரர்’ என்ற சொல்லே ஒலிக்கின்றது. மருந்தையும் ஈயக்குண்டையும் குழல் வாயிலிட்டுக் கோலால் இடித்து இறுக்குவதால், வாய்வழித் துவக்கை நம் மக்கள் ‘இடியன்’ என்பர்.

உறுப்புகளைப் பின்வருமாறு பெயரிட்டுக் கொள்வோம். விரலால் இழுக்கப்படுவது விசைவில். சக்கிமுக்கிக் கல்லைப் பற்றியவாறோ, தொப்பி எனப்படும் வெடிமூடியைத் தாக்கும் சம்மட்டியாகவோ முன்னோக்கி வீழ்வது குதிரை. குதிரையின் அச்சில், தகட்டின் உட்புறத்தே பொருத்தப்பட்ட இரும்புத்துண்டு சுழற்கட்டை. அதனை வலிந்து முன்னே தள்ளும் வளைந்த உருக்குத் தகடு பெருவில். சுழற்கட்டையில் இரு வெட்டுகள் உண்டு. ஒன்று குதிரையைப் பாதி நிலையிலும், மற்றது முழு நிலையிலும் நிறுத்துவது. அவ்வெட்டினுள் நுனியைச் செலுத்திச் சுழற்கட்டையைத் தடுத்து நிற்கும் சிறு நெம்பு தடைநெம்பு. அதன் நுனி வெட்டிலிருந்து நழுவாதபடி அழுத்திக்கொண்டிருப்பது சிறுவில். விசைவில்லை இழுக்கும்போது அதன் மேற்பகுதி தடைநெம்பின் வாலை உயர்த்த, நுனி வெட்டைவிட்டு விலக, குதிரை வீழ்கின்றது. ஆகவே விசைவில்லும் தடைநெம்பும் அடுத்தடுத்து இயங்கும் இரு நெம்புகளே. பொறுதி, சுமை, எத்தனம் என்று பாடசாலையிற் கற்ற மூன்றையும் கொண்டு இப்பொறியை முற்றாக விளக்கிவிடலாம்.

2. திரியிலிருந்து கல்லுக்கு

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போர்த்துக்கேயரோடு இலங்கைக்கு வந்தது திரித்துவக்கு. எரியும் திரியை மருந்துக் கிண்ணத்திற் கொண்டு வைப்பதே அதன் குதிரையின் வேலை. அதற்கு மெல்லிய வில் போதும், வில் மெலிதாகவே, அதனைத் தடுத்து நிற்கும் நெம்பின் மீதுள்ள சுமையும் சிறிது, விசையும் இலகு. கோவா முதல் யப்பான் வரை பரவிய திரித்துவக்குகள் இவ்வமைப்பைச் சேர்ந்தவை. போர்த்துக்கேயர் 1543இல் யப்பானின் தனேகாஷிமாத் தீவிற் கொண்டு சேர்த்ததும் இவ்வகையே. சிங்களக் கொல்லர் இக்கலையை விரைந்து கற்றனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிற் கோவாவில் வாழ்ந்த ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், அவர்கள் செய்த குழல்களின் அழகை வியந்து எழுதியுள்ளார்.

கல்துவக்கின் தேவை வேறு. கல் உருக்கைச் சுரண்டித் தீப்பொறி எழுப்ப வேண்டும். மெல்லிய வில்லால் அது இயலாது. பெருவில் வலுவடைந்தது, தடைநெம்பின் மீதான சுமை பன்மடங்காயிற்று, விசை இறுகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெடிமூடி வழக்குக்கு வந்தபின்னும் மூடியை நசுக்க வலுவான அடி வேண்டியிருந்ததால் இவ்விறுக்கம் நீங்கவில்லை. எனவே விசையின் இறுக்கம், தீயைச் சுமந்து திரியும் தொல்லையிலிருந்து விடுபடுவதற்குச் செலுத்தப்பட்ட விலை எனலாம். மழையும் மூடுபனியும் மிகுந்த மலைநாட்டில் அது கொடுக்கத்தக்க விலையே.

கண்டிக் கொல்லர் இம்மாற்றத்தையும் தம் போக்கிற் கையாண்டனர். கண்டி நாட்டுக் கல்துவக்குகளிற் பொறித்தகடு குழலின் இடப்புறத்தே அமைந்திருப்பது உலகத் துவக்குகளிடையே அரிதான இயல்பு. தகட்டிலும் தண்டிலும் வெள்ளி, பித்தளை, யானைத்தந்த வேலைப்பாடுகள் உண்டு. 1765இல் ஒல்லாந்தப் படைகள் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டுக் கொண்டுசென்ற பொருட்களுள் ஆறு, 2023 டிசம்பரில் அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அரும்பொருளகத்திலிருந்து இலங்கைக்குத் திரும்பின. ‘கண்டிப் பீரங்கி’ எனப்படும் அலங்காரப் பீரங்கியோடு இரு பெருந்துவக்குகளும் அவற்றுள் அடங்கும்.

3. இறுக்கத்தின் கணக்கு

விளக்கத்தின் பொருட்டு மாதிரிக் கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் எளிமைக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. எனினும் உண்மையான துவக்குகளின் அளவுகளிலிருந்து பெரிதும் விலகியனவல்ல.

முழு நிலையிற் பெருவில் சுழற்கட்டையின் மீது 2 நியூற்றன்–மீற்றர் திருப்பத்தைச் செலுத்துகின்றது என்க. முழுநிலை வெட்டு அச்சிலிருந்து 8 மில்லிமீற்றர் தூரத்தில் உள்ளதாயின், தடைநெம்பின் நுனியை அழுத்தும் விசை 250 நியூற்றன் ஆகும். நுனி வெட்டிலிருந்து வழுக்கி வெளியேற வேண்டும். எண்ணெயிட்ட இரும்பின் உராய்வுக் குணகம் 0.2 எனக் கொண்டால், உராய்வைக் கடக்க 50 நியூற்றன் தேவை. தடைநெம்பின் நுனி அதன் பொறுதியிலிருந்து 20 மில்லிமீற்றரிலும், வால் 25 மில்லிமீற்றரிலும் இருப்பின், வாலில் வேண்டியது 40 நியூற்றன். சிறுவில்லின் எதிர்ப்பு 10 நியூற்றனைச் சேர்த்தால் 50 நியூற்றன். விசைவில்லின் முளையிலிருந்து வாலைத் தொடும் இடம் 20 மில்லிமீற்றரும், விரல் படும் இடம் 25 மில்லிமீற்றருமாயின், விரலிட வேண்டிய எத்தனம் 40 நியூற்றன். ஏறக்குறைய 4 கிலோகிராம் நிறைக்குச் சமம்.

இறுக்கமான துவக்கைக் கண்டதும் பலர் முதலிற் கைவைப்பது பெருவில்லில். அதனைத் தேய்த்து ஐந்தில் ஒரு பங்கு மெலிவித்தால் யாது நிகழும்? மேலுள்ள கணக்கின்படி விரலின் எத்தனம் 40 நியூற்றனிலிருந்து ஏறத்தாழ 34 நியூற்றனாகவே குறையும். ஆனால் குதிரையின் அடியோ ஐந்திலொரு பங்கை இழந்துவிடும். கல் தீப்பொறி தராது, மூடி வெடியாது. இனி, பெருவில்லைத் தொடாது, விசைவில்லின் முளையை மட்டும் நகர்த்தி, அதற்கும் வாலுக்கும் இடைத்தூரம் 10 மில்லிமீற்றராகும்படி அமைத்தால், எத்தனம் 20 நியூற்றனாகப் பாதியாகும். இதற்கும் விலை உண்டு: அதே உயர்ச்சிக்கு விரல் இருமடங்கு தூரம் இழுக்க வேண்டும். பொறிமுறை நயத்தை இலவசமாகத் தரும் நெம்பு எதுவுமில்லை. எனினும் குதிரையின் வலு சற்றும் குன்றவில்லை என்பது கருதத்தக்கது. துரு ஏறி உராய்வுக் குணகம் 0.3 ஆகிவிட்டால், பழைய முளையிலேயே எத்தனம் 56 நியூற்றனாக உயரும். இறுக்கம் பெரும்பாலும் வில்லில் இல்லை. முளையின் இடத்திலும் தொடுமுகங்களின் நிலையிலும் உள்ளது என்பதை இவ்வெண்கள் தெளிவாக்குகின்றன.

இன்னொரு காரணம் வெட்டின் சாய்வு. வெட்டின் முகம், தடைநெம்பின் பொறுதியை மையமாகக் கொண்ட வட்டவில்லோடு பொருந்தி நின்றால், நுனி வெளியேறும்போது உராய்வு மட்டுமே எதிர்க்கும். முகம் கொக்கிபோல் உட்சாய்ந்திருப்பின், நுனி வெளியேறுவதற்குச் சுழற்கட்டை சிறிது பின்னே தள்ளப்பட வேண்டும். அதாவது விரல் பெருவில்லோடு நேரே மல்லுக்கு நிற்கின்றது. இதனைக் கண்ணாலேயே அறியலாம்: விசையை மெல்ல இழுக்கையிற் குதிரை வீழுமுன் சற்றுப் பின்வாங்கினால் வெட்டு உட்சாய்ந்தது. முகம் வெளிச்சாய்ந்திருப்பின் எதிர் விளைவு. நுனி தானே நழுவப் பார்க்கும். அத்தகைய துவக்கு விரல் படாமலே வெடிக்கக்கூடியது. கொல்லன் வெட்டைச் சிறிது உட்சாய்வாக விடுவது அறியாமையால் அன்று. நாட்பட்ட தேய்வு அதனை வெளிச்சாய்வாக்கிவிடாதிருக்க வைத்த முன்னெச்சரிக்கை அது.

4. குறியும் நிறையும்

இறுக்கத்தின் தீமை துவக்கின் நிறையைப் பொறுத்தது. 4 கிலோகிராம் நிறையுள்ள துவக்கை 4 கிலோகிராம் எத்தனத்தால் இழுப்பவன், துவக்கையே அசைக்கின்றான். 1848இல் நுவரெலியாவிற் குடியேற்றம் அமைத்து 1855 வரை இலங்கையில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கரிடம், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் செய்த பெருந்துவக்கு ஒன்றிருந்தது. 1840இற் செய்யப்பட்ட அதன் நிறை 21 இறாத்தல், ஏறக்குறைய 9.5 கிலோகிராம். ஒரு தடவைக்கு 16 திராம், அதாவது 28 கிராம் மருந்தை அது உண்டது. அத்தகைய பாரத்தில் 4 கிலோகிராம் எத்தனம் நிறையின் பாதியைக்கூட எட்டாது. மெல்லிய துவக்கையுடைய குடியானவனுக்கோ அதே எத்தனம் குறியைக் குலைத்துவிடும். கல்துவக்கில் இக்குறை மேலும் பெருகும்: கிண்ணத்து மருந்து பற்றி, துளை வழியே தீ உட்சென்று, குழலின் மருந்து வெடிக்கும் வரை குறி அசையாதிருக்க வேண்டும்.

மத்திய ஐரோப்பிய வேட்டைத் துவக்குகளில் இதற்கென இரட்டை விசை தோன்றியது. ஒன்றை இழுத்துச் சிறு வில் ஒன்றை முறுக்கேற்றி வைப்பர். மற்றதை மெல்லத் தொட்டாலே அவ்வில் விடுபட்டுத் தடைநெம்பை அடித்து விலக்கும். தொடுகை நொடியில் முடிந்துவிடுவதால், விலகிய நுனி குதிரை வீழும் வழியிலுள்ள பாதிநிலை வெட்டிற் சிக்கிக்கொள்ளக்கூடும். அதனைத் தடுக்கச் சுழற்கட்டையில் அசையும் நா ஒன்று பொருத்தப்பட்டது. இந்த நா இல்லாத பொறியில் விசையை மிக இலகுவாக்கினால் பாதிநிலை வெட்டும் தடைநெம்பின் நுனியும் ஒருங்கே சிதையும்.

5. மலையகத்தின் ஈரம்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவினது. ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளிலும் ஆண்டின் பெரும்பகுதி ஈரமே. இச்சூழல் விசையை மூன்று வழிகளில் இறுக்கும்.

முதலாவது, துரு. கரிமருந்து வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் ஆனது. எரிந்தபின் அதன் நிறையிற் பாதிக்கு மேல் திண்மக் கசடாக எஞ்சும். அக்கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, இரும்பை ஒரே இரவில் அரிக்கத் தொடங்கும். பொறியினுட் புகுந்த கசடும் அவ்வாறே. இரண்டாவது, மரம். ஈரத்தால் தண்டின் மரம் உப்பும்போது, தடைநெம்பின் வால் மரக்குழியின் சுவரில் உரசும். விசைவில்லும் தன் பிளவில் இறுகும். மூன்றாவது, எண்ணெய். கீழ்நாட்டில் இரும்புக்குத் தேங்காயெண்ணெய் பூசுதல் வழக்கம். அவ்வெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையும் என்பதை நுவரெலியாவில் வாழ்வோர் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதெல்லாம் அறிவர். போத்தலில் உறைவது பொறியினுள்ளும் உறையும். நாட்பட்டாற் பிசினாகி நெம்புகளை ஒட்டவும் செய்யும். கனிய எண்ணெயை மெல்லிய படலமாக இடுவதே இங்கு ஏற்றது.

6. திருத்தத்தின் ஒழுங்கு

இதுவரை கூறியவற்றிலிருந்து திருத்தத்தின் வரிசை தானே அமைகின்றது. தீங்கு குறைந்ததிலிருந்து தீங்கு கூடியதை நோக்கிச் செல்லவேண்டும்.

முதலிற் குழல் வெறுமையானதென்பதை உறுதிசெய்தல் வேண்டும். பழைய துவக்கினுள் பல்லாண்டுகளுக்கு முன் இட்ட மருந்து இன்னும் உயிரோடிருக்கலாம். அரும்பொருட் காப்பாளருக்கும் இது பொருந்தும். கோலை வாய்வழியே அடிவரை செலுத்தி, குழலின் வெளிப்புற நீளத்தோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

இரண்டாவதாக, பொறித்தகட்டைத் தண்டிலிருந்து கழற்றித் தடைநெம்பின் வாலை விரலால் உயர்த்திப் பார்க்க வேண்டும். குதிரை விரலைத் தாக்காதபடி பிடித்துக்கொள்ளுதல் அவசியம். வெளியே இலகுவாகவும் தண்டினுள் இறுக்கமாகவும் இருப்பின் குற்றம் பொறியில் இல்லை; மரத்திலோ, விசைவில்லிலோ, தகட்டை வளைக்குமளவு முறுக்கப்பட்ட திருகாணியிலோ உள்ளது.

மூன்றாவதாக, கசடும் துருவும் பழைய எண்ணெயும் நீக்கப்பட வேண்டும். மரம் உரசிய இடம் மெல்லச் செதுக்கப்பட வேண்டும். இறுக்கமெனக் கருதப்படுவதிற் பெரும்பகுதி இவ்விடத்திலேயே தீர்ந்துவிடுவதுண்டு.

நான்காவதாக, சிறுவில் அளவுக்கு மீறி வலுத்திருப்பின் அதனைச் சிறிது மெலிவிக்கலாம். ஐந்தாவதாக, முன்னர்க் கணக்கிட்டவாறு விசைவில்லின் முளையை இடமாற்றலாம்.

வெட்டைத் தொடுவது இறுதியிலேயே. அதுவும் தேர்ந்த, உரிமம் பெற்ற கொல்லனால் மட்டுமே. சுழற்கட்டையும் தடைநெம்பும் பெரும்பாலும் மெல்லிரும்பிற் செய்யப்பட்டு, கரியூட்டி மேற்றோல் மட்டும் கடினமாக்கப்பட்டவை. அரத்தால் அத்தோலை அராவினால் உள்ளிருக்கும் மென்மை வெளிப்படும். இன்று இனிமையாக இயங்கும் விசை சில நாளிற் காவலற்றதாகும். எத்திருத்தத்தின் பின்னும் இரு சோதனைகள் வேண்டும்: முழு நிலையில், வெறுந்துவக்கின் தண்டை உள்ளங்கையாற் பலமுறை தட்டியும் குதிரையைக் கட்டைவிரலால் முன்னே தள்ளியும் பார்க்கும்போது அது நழுவலாகாது, பாதி நிலையில் விசைவில்லை எவ்வளவு இழுத்தாலும் குதிரை அசையலாகாது.

7. யாருக்கான காவல்

இறுகிய விசை யாரைக் காத்தது என்னும் வினாவுக்கு இப்போது வரலாம். மலைநாட்டு வேட்டையிற் பல துவக்குகளைச் சுமந்து துரையின் பின்னே நடந்தோர் உள்ளூரவர். மருந்திட்டு மூடியும் பொருத்திய துவக்குகளை வேர்களும் வழுக்குப் பாறைகளும் நிறைந்த காட்டிற் சுமப்பவருக்குக் குறியின் நுட்பம் பயனற்றது. நழுவாத வெட்டே அவர் உயிர். துரையின் விரலுக்கு இலகுவானது, சுமப்பவனின் முதுகுக்கு ஆபத்து. ஒரே பொறியின் ஒரே வெட்டில் இரு மனிதரின் நலன் முரண்படுவதை இங்கே காண்கிறோம்.

துவக்கை வைத்திருக்கும் உரிமையும் அவ்வாறே பகிரப்பட்டது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியபின் ஆங்கிலேயர் கண்டி மக்களின் துவக்குகளைப் பறித்தனர். பேக்கர் நுவரெலியாவிற் குடியேறிய அதே 1848இல் டொரிங்டன் பிரபுவின் ஆட்சி விதித்த புதிய வரிகளுள் துவக்கு உரிம வரியும் ஒன்று. அவ்வாண்டு மாத்தளைக் கிளர்ச்சிக்கு அவ்வரிகள் காரணமாயின. பன்றியிடமிருந்து சேனைப் பயிரைக் காக்கும் குடியானவனின் இடியனும், பொழுதுபோக்காக யானைகளை வீழ்த்தியோரின் துவக்கும் வரியின் முன் ஒன்றாகவே எண்ணப்பட்டன. சுமை மட்டும் ஒன்றாக இருக்கவில்லை. பின்னர் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம் துவக்கை வைத்திருத்தலையும் செய்தலையும் உரிமத்துக்கு உட்படுத்தியது. பொதுமக்களின் பாதுகாப்புக்கு இத்தகைய சட்டம் இன்றியமையாதது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் வெளிச்சந்தையாலும் சட்டத்தாலும் ஒதுக்கப்பட்ட கொல்லனின் அறிவு, ஆவணமாகாமலே மங்கியது. தேர்ந்த கொல்லன் விலகிய இடத்தை, தேராதவன் இரகசியமாகச் செய்த துவக்கு நிரப்பிற்று.

அதன் கொடிய வடிவம் கட்டுத்துவக்கு. விலங்கின் தடத்திற் கட்டப்பட்டு, விரலின்றியே வெடிக்கும் அத்துவக்கில், நாம் இதுவரை ஆராய்ந்த காவல் எதுவுமில்லை. விசையை இழுக்கும் தீர்மானம் மனிதனிடமிருந்து நீங்கி, தடத்தில் நடந்து வரும் எவருடைய காலுக்கோ ஒப்படைக்கப்படுகின்றது. விறகுக்குச் செல்பவரும், விடியுமுன் வயலுக்குச் செல்பவரும் கால் இழந்த செய்திகள் நம் நாட்டிற் புதியனவல்ல. இதனைச் சட்டம் குற்றமெனத் தண்டிக்கின்றது. பொறியியலின் மொழியிற் சொல்வதாயின், இறுக்கத்தை முற்றாக நீக்கிய விசையின் இறுதி நிலை இதுவே.

ஆகவே இறுகிய விசையை ஆராய்வோன் முதலிற் கேட்கவேண்டியது அதனை எவ்வளவு குறைக்கலாம் என்பதன்று. எப்பகுதி உராய்வு, எப்பகுதி காவல் என்பதே. உராய்வை நீக்குவது தொழிலறிவு. காவலை விட்டுவைப்பது தொழிலறம். கொழும்பு அரும்பொருளகத்திலும் தனியார் சேகரிப்புகளிலும் உள்ள கண்டித் துவக்குகளின் வெளி அலங்காரத்தை நாம் போதிய அளவு வியந்துவிட்டோம். அவற்றின் பொறித்தகடுகளைக் கழற்றி, வெட்டின் சாய்வையும் முளையின் இடத்தையும் அளந்து பதிவுசெய்யும் பணி, பொறியியற் பீடமும் வரலாற்றுத்துறையும் இணைந்து செய்யத்தக்கது. பெயர் அறியப்படாத அக்கொல்லர் எழுத்தில் எதையும் விட்டுச்செல்லவில்லை. அவர்கள் எண்ணியதை இரும்பிலேயே பொறித்துள்ளனர். அதனைப் படிக்கக் கற்பது நம் கடமையாகும்.